ஆலையும் கலைக்கழகமும்: பிரான்சிய உயர்கல்வி வரலாற்றில் ஓர் அதிகாரம்

பாரிசு மாநகரிலே பதின்மூன்றாம் நூற்றாண்டு தொட்டு ஒரு பல்கலைக்கழகம் விளங்கியதென்பதைப் பலரும் அறிவர். ரொபேர் த சோர்போன் என்னும் குருவானவர் வறிய மாணவர்க்கென 1257ஆம் ஆண்டளவில் நிறுவிய கல்லூரியின் பெயரே இன்றும் 'சோர்போன்' என வழங்குகின்றது. ஆயினும், 1793ஆம் ஆண்டுக்கும் 1896ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்திலே பாரிசுப் பல்கலைக்கழகம் என்றேனும் மொன்பெலியேப் பல்கலைக்கழகம் என்றேனும் தனித்தியங்கும் கழகம் ஒன்றும் அந்நாட்டில் இருக்கவில்லை என்று கூறின், நம்மிற் பலர் வியப்படைதல் கூடும். அம்பியர், பிரெனெல், குளோட் பேர்னார், பாஸ்டர் முதலிய பேரறிஞர் வாழ்ந்த நூற்றாண்டு அதுவே. பல்கலைக்கழகமின்றி ஒரு நாடு ஒரு நூற்றாண்டைக் கழித்தது எவ்வாறு? மறைந்த கழகங்கள் மீண்டும் தளிர்த்தது எவ்வாறு? இவ்வினாக்களுக்கு விடை தேடப் புகுவோர் அமைச்சரவை ஏடுகளை மாத்திரம் புரட்டினாற் போதாது. பீட்கிழங்கிலிருந்து மதுசாரம் வடித்த ஆலைகளுக்கும், சோடா செய்த சூளைகளுக்கும், ஆல்ப்சு மலையருவிகளைக் குழாய்களிற் பூட்டிய கடதாசி ஆலைகளுக்குஞ் செல்லுதல் வேண்டும்.

பழைய பல்கலைக்கழகங்கள் சமயநூல், சட்டம், மருத்துவம் ஆகிய மூன்றையும் உச்சியில் வைத்துப் போற்றின. பாலங் கட்டுதற்கும் அரண் அமைத்தற்கும் சுரங்கந் தோண்டுதற்கும் வேண்டிய அறிவு அவற்றின் மதில்களுக்குள்ளே இடம்பெறவில்லை. அரசனுக்கோ வீதிகளும் கோட்டைகளும் வேண்டியிருந்தன. ஆகவே, அவன் பல்கலைக்கழகங்களைத் திருத்த முயலாது அவற்றைச் சுற்றிக்கொண்டு போனான். 1747ஆம் ஆண்டில் பாலங்களுக்கும் வீதிகளுக்குமான கல்லூரியும், 1748ஆம் ஆண்டில் மெசியேர் நகரத்துப் படைப் பொறியியற் கல்லூரியும், 1783ஆம் ஆண்டிற் சுரங்கக் கல்லூரியும் தோன்றின. புரட்சி வெடிப்பதற்கு முன்னரே வழி இரண்டாகப் பிரிந்துவிட்டது என்பதை ஈண்டு மனங்கொள்ளல் வேண்டும். பிரான்சிய உயர்கல்வியின் இரட்டைத் தன்மைக்கு நெப்போலியனையே காரணனாகக் காட்டுவோர் இவ்வுண்மையை மறந்துவிடுகின்றனர்.

புரட்சியரசு 1793ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே பழைய பல்கலைக்கழகங்களை ஒழிக்கத் தீர்மானித்தது. அடுத்த ஆண்டிலேயே பின்னர் 'எக்கோல் பொலிதெக்னிக்' எனப் பெயர் பெற்ற கல்லூரி தோன்றியது. மெசியேரிற் கற்பித்த கணித மேதை மோன்ஜ் அதனை உருவாக்கியோருள் ஒருவர். கைவினைஞர்க்கு இயந்திரங்களைக் காட்டி விளக்குதற்கெனக் கலைத்தொழிற் காப்பகமும், ஆசிரியரை ஆக்குதற்கென எக்கோல் நோர்மாலும் அதே காலத்தில் எழுந்தன. நெப்போலியன் 1804ஆம் ஆண்டிற் பொலிதெக்னிக் கல்லூரியைப் படைக் கல்லூரி ஆக்கினான். 1808ஆம் ஆண்டில் 'பேரரசுப் பல்கலைக்கழகம்' என்னும் பெயரால் நாட்டின் கல்வி முழுவதையும் ஒரே நிருவாகத்தின் கீழ்க் கொணர்ந்தான். பெயர் பல்கலைக்கழகம், பொருள் கல்வித் திணைக்களம். அதன்கீழ் ஆங்காங்கே அமைந்த பீடங்கள் ஒன்றோடொன்று உறவின்றித் தனித்தனியே கிடந்தன. விஞ்ஞான பீடங்களின் தலையாய பணி, பாடசாலைகளை விட்டு வெளியேறும் இளைஞரைப் பரீட்சித்துச் சான்றிதழ் வழங்குவதாயிற்று. மாலை வேளைகளில் ஊர்ப் பெருமக்களுக்குச் சொற்பொழிவாற்றுவதும் பேராசிரியர் கடனாக இருந்தது. பரீட்சை நடத்துவதே கல்வி நடத்துவதென மயங்கும் நோய் நெப்போலியனோடு பிறந்ததுமன்று, அவனோடு மாய்ந்ததுமன்று.

பொலிதெக்னிக் மாணவர் அரசாங்க சேவையை நாடினர். தனியார் கைத்தொழிலுக்கு ஆள் வேண்டுமே என்ற கவலை அரசினருக்கு அதிகம் இருந்ததாகத் தெரியவில்லை. அக்குறையை நிரப்பியவர் தனியாரே. லவலே என்னும் வணிகர் தம் பொருளை ஈந்தார். இரசாயன அறிஞர் டியூமா, பௌதிக அறிஞர் பெக்லே, வடிவகணித அறிஞர் ஒலிவியே ஆகியோர் தம் அறிவை ஈந்தனர். 1829ஆம் ஆண்டில் எக்கோல் சந்திரால் பிறந்தது. கோபுரத்தாற் புகழ்பெற்ற ஐபெல் 1855ஆம் ஆண்டில் அங்கிருந்து வெளியேறியவர். கைத்தொழிலுக்கு அறிவூட்டும் பணி இவ்வாறு பீடங்களுக்கு வெளியே நிகழலாயிற்று. போட்டிப் பரீட்சையால் ஆள் தெரியும் இத்தகைய நிறுவனங்களையே பிரான்சியர் 'கிராந்து எக்கோல்', அதாவது பெருங் கல்லூரிகள், என அழைக்கின்றனர். பேராதனையிற் பொறியியலைப் பல்கலைக்கழகத்தின் ஒரு பீடமாகக் கண்டு பழகிய நமக்கு, பல்கலைக்கழகத்திலும் உயர்ந்ததாக மதிக்கப்படுங் கல்லூரி என்னும் எண்ணமே புதுமையானது.

இந்நிலையிலே, 1854ஆம் ஆண்டில், நாட்டின் வடபாலுள்ள லீல் நகரில் ஒரு புதிய விஞ்ஞான பீடம் நிறுவப்பட்டது. அதன் முதற் பீடாதிபதியாக வந்தவர் முப்பத்தொரு வயதே நிரம்பிய லூயி பாஸ்டர். நெசவாலைகளும் சீனியாலைகளும் மதுசார வடிசாலைகளும் நெருங்கிய ஊர் அது. பாஸ்டர் மாணவர்க்கு ஆய்வுகூடத்தைத் திறந்துவிட்டார். அவர்களை அழைத்துக்கொண்டு அயலூர் ஆலைகளையும் எல்லைக்கு அப்பாலுள்ள பெல்ஜிய ஆலைகளையும் பார்வையிட்டார். 1856ஆம் ஆண்டிற் பீகோ என்னும் ஆலை முதல்வர் ஒருவர் அவரிடம் வந்து முறையிட்டார். அவர் மைந்தன் பாஸ்டரின் மாணாக்கன். பீட்கிழங்குச் சாற்றிலிருந்து மதுசாரம் வடிக்கும்போது சில தொட்டிகளிற் சாறு கெட்டுப் புளித்துப் போகின்றது, காரணந் தெரியவில்லை, இழப்போ பெரிது என்பது முறைப்பாடு.

பாஸ்டர் நாள்தோறும் ஆலைக்குச் சென்று தொட்டிச் சாற்றை எடுத்துவந்து நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கினார். நொதித்தல் செவ்வனே நடக்குந் தொட்டியில் மதுவத்தின் நுண்ணுருண்டைகள் வட்டமாயிருந்தன. கெடத் தொடங்கிய தொட்டியில் நீண்ட உருவங்கள் தோன்றின. நொதித்தல் உயிரற்ற பொருள்களின் சிதைவே என்று ஜெர்மனியப் பேரறிஞர் லீபிக் நிலைநாட்டியிருந்த காலம் அது. அஃது உயிருள்ள நுண்ணங்கிகளின் தொழில் என்னும் எண்ணம் பாஸ்டரின் உள்ளத்திலே வலுப்பெற்றது. பால் புளித்தற்குக் காரணமான நொதித்தலைப் பற்றி 1857ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் லீல் நகர விஞ்ஞானச் சங்கத்தின் முன்னர் அவர் படித்த கட்டுரை, நுண்ணுயிரியலின் தொடக்கம் எனப் போற்றப்படுகின்றது. ஆலை முதல்வர் கேட்டது ஒரு தொட்டிக்கு மருந்து. உலகம் பெற்றது ஒரு புதிய விஞ்ஞானம்.

இவ்வரலாறு பன்முறை சொல்லப்பட்டது. ஆயினும், அதன் மறுபக்கத்தைப் பலர் சொல்வதில்லை. அவ்வாண்டிலேயே பாஸ்டர் பாரிசுக்கு மாறிச் சென்றார். லீல் நகரில் ஆலைக்கும் பீடத்திற்கும் இடையே அவர் கட்டிய பாலம் அவரோடு பெரும்பாலும் அகன்றது. ஒரு பெருமகனின் ஊக்கம் ஒரு நிறுவனம் ஆகாது. பீடம் என்பது தன் பெயரிற் சொத்து வைத்துத் தானே ஆளும் உரிமை அற்றிருந்தது. செல்வர் ஒருவர் நன்றிப் பெருக்கால் ஆய்வுகூடம் ஒன்று கட்டித்தர விரும்பினும், அதைப் பெற்று ஆளுதற்குச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்த ஆள் அங்கே இல்லை. பாஸ்டரே பிற்காலத்தில், 1868ஆம் ஆண்டில், ஆய்வுகூடங்களின் வறுமையைக் கடிந்து எழுதினார்.

1870ஆம் ஆண்டில் மூண்ட போரில் பிரான்சு தோற்றது. அல்சாசு ஜெர்மனியர் கைப்பட்டது. போரில் வென்றது ஜெர்மனியின் பீரங்கி மட்டுமன்று, அதன் பல்கலைக்கழகமும் ஆய்வுகூடமுமே என்று பிரான்சிய அறிஞர் நம்பினர். இந்நம்பிக்கை முற்றும் உண்மையோ என்பது ஆராயத்தக்கது. தோற்றவன் தன் தோல்விக்குக் கூறுங் காரணம் எப்பொழுதும் சரியாக இருப்பதில்லை. ஆனால், அதனால் விளைந்த பயன் பெரிது. 1884ஆம் ஆண்டு முதல் உயர்கல்விப் பணிப்பாளராயிருந்த லூயி லியார், இரைச்சலின்றிக் காரியம் முடிக்க வல்லவர். 1885ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வெளிவந்த ஆணைகள் பீடங்களுக்குச் சட்டவழி ஆளுமையை உறுதி செய்தன. நகரசபையும் வணிகர் கழகமும் ஆலை முதல்வரும் கொடுக்கும் பொருளை ஏற்று ஆளும் உரிமை பீடங்களுக்குக் கிடைத்தது. 1896ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாட் சட்டம் ஓரூர்ப் பீடங்களின் குழுக்களுக்குப் பல்கலைக்கழகம் என்னும் பழம் பெயரை மீட்டளித்தது. அடுத்த ஆண்டு, அரசாங்கப் பட்டங்களேயன்றித் தமக்குரிய தனிப் பட்டங்களையும் வழங்கும் உரிமை அவற்றுக்கு உண்டாயிற்று. படிப்போர்க்கு வறட்சியாகத் தோன்றும் இச்சட்டவிதிகளே எமது கதையின் திருப்புமுனை.

நான்சி நகர் முதலில் விழித்தது. அல்சாசு இழக்கப்பட்டபின் அது எல்லைப்புற நகராயிற்று; ஸ்திராஸ்பூர்க்கை விட்டு வெளியேறிய மருத்துவ பீடம் 1872ஆம் ஆண்டில் அங்கே குடியேறியது. அண்மையிலுள்ள டொம்பாலில் பெல்ஜியராகிய ஏர்னஸ்ட் சொல்வே, லொரெயின் உப்புப் படுகைகளை நம்பிப் பெரியதொரு சோடா ஆலையை அமைத்திருந்தார். அல்சாசிற் பிறந்த அல்பின் ஹாலர் என்னும் இரசாயனப் பேராசிரியர், ஜெர்மனியச் சாய ஆலைகளின் வலிமை எங்கிருந்து வந்தது என்பதை நன்குணர்ந்தவர். 1893ஆம் ஆண்டுச் சிக்காகோ கண்காட்சியையும் 1900ஆம் ஆண்டுப் பாரிசுக் கண்காட்சியையும் பற்றி அவர் எழுதிய அறிக்கைகளிலே, தம் நாட்டின் இரசாயனத் தொழில் பின்தங்கியதை ஒளிவுமறைவின்றிக் காட்டினார். நான்சியின் இரசாயன நிறுவனம் அவருடைய முயற்சியாற் பிறந்தது. அரசின் பொருளோடு நகரின் பொருளும் ஆலை முதல்வரின் பொருளும் அதிற் கலந்தன. 1893ஆம் ஆண்டிற் பியர் வடிக்குங் கல்லூரியும், 1900ஆம் ஆண்டளவிற் சொல்வேயின் கொடையோடு மின்னியல் நிறுவனமும், பின்னர் இரும்புத்தாது நிறைந்த அந்நாட்டிற்கு ஏற்ற புவிச்சரிதவியல் நிறுவனமும் அடுத்தடுத்து எழுந்தன. சோர்போனின் பழம்பெருமையிற் பழகிய பெரியோருக்குப் பியர் வடிக்கும் கலை பல்கலைக்கழகத்தினுள் நுழைந்தமை எத்துணைக் கசப்பாயிருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். ஆயின், பியரின் நோய்களை ஆராய்ந்து 1876ஆம் ஆண்டில் நூல் எழுதியவரும் பாஸ்டரே என்பதை அவர்கள் மறுக்க முடியாது.

துலூசு நகரிலும் இதுவே நிகழ்ந்தது. பாரிசு அழைத்தும் செல்லாது தன் மாகாணத்திலேயே தங்கிய போல் சபாத்தியே, பீடாதிபதியாயிருந்து இரசாயன நிறுவனத்தையும் மின்னியல் நிறுவனத்தையும் வளர்த்தார். 1912ஆம் ஆண்டு இரசாயனத்திற்கான நோபெல் பரிசு துலூசுச் சபாத்தியேக்கும் நான்சியிற் கற்பித்த விக்டர் கிரிஞாருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. தலைநகரைச் சாராத இருவர் ஒருங்கே அப்பரிசைப் பெற்றது தற்செயல் என்று நான் கருதவில்லை.

கிரெனோபிள் நகரின் கதை இவையாவற்றிலுஞ் சுவையுடையது. எக்கோல் சந்திராலிற் கற்ற அரிஸ்தீத் பெர்ஜெஸ், கிரெனோபிளுக்கு அண்மையிலுள்ள லான்சே என்னும் இடத்தில், 1869ஆம் ஆண்டில், 200 மீற்றர் உயரத்திலிருந்து நீரைக் குழாய்வழி இறக்கித் தமது கடதாசி ஆலைக்கு மரத்தை அரைக்கும் இயந்திரங்களை ஓட்டினார். மலையிலுள்ள பனியும் நீரும் நிலக்கரி போன்றன என்னுங் கருத்தில் அவர் வழங்கிய 'வெண்ணிலக்கரி' என்னும் தொடர், 1889ஆம் ஆண்டுப் பாரிசுக் கண்காட்சிக்குப்பின் நாடெங்கும் பரவியது. 1883ஆம் ஆண்டில் மார்செல் தெப்ரே விசீல் என்னுமிடத்திலிருந்து கிரெனோபிள்வரை 14 கிலோமீற்றர் தூரம் மின்வலுவைக் கம்பிவழி அனுப்பிக் காட்டினார். நீருண்டு, வலுவுண்டு, முதலுண்டு, அறிந்தவர்தாம் இல்லை. 1892ஆம் ஆண்டிலே விஞ்ஞான பீடத்து இளம் ஆசிரியர் போல் ஜானே, தொழில்முறை மின்சாரத்தைப் பற்றி மாலை வகுப்பொன்று தொடங்கினார். ஒரு மாலை வகுப்பிலிருந்து ஒரு நிறுவனம் வளர்ந்தது. நூற்றாண்டின் திருப்பத்தில் மின்னியல் நிறுவனம் முறையாக அமைந்தது. வணிகர் கழகத் தலைவர் கசிமீர் பிரெனியே 1907ஆம் ஆண்டில் அதற்கு நிலமுங் கட்டடமும் ஈந்தார். அவ்வாண்டிலேயே கடதாசித் தொழிற் கல்லூரியும் அங்கே பிறந்தது.

இங்கே நாம் சற்றே நின்று சிந்தித்தல் வேண்டும். லீல் நகரிற் பாஸ்டர் செய்ததும், நான்சியிலும் கிரெனோபிளிலும் இந்நிறுவனங்கள் செய்ததும் ஒரே தன்மையனவா? பீகோ பாஸ்டரிடம் கொணர்ந்தது ஒரு வினா. சொல்வேயும் பிரெனியேயும் பீடங்களிடம் வேண்டியது பெரும்பாலும் ஆட்கள்: கொதிகலனையும் மின்னாக்கியையும் ஆளத் தெரிந்த, பாரிசுப் பெருங் கல்லூரி மாணவரைப்போல உயர்சம்பளங் கேளாத, ஊரைவிட்டு நீங்காத ஆட்கள். ஆலை வினாவைக் கொண்டுவரும்போது பல்கலைக்கழகம் பெருகுகின்றது. ஆட்களை மாத்திரம் கேட்கும்போது பல்கலைக்கழகம் தன்னையறியாமலே இன்னொரு தொழிற் கல்லூரியாகின்றது. கொடையாளரின் பெருந்தன்மையை நான் குறைத்துக் கூறவில்லை. அக்கொடை இல்லையேல் மாகாணப் பீடங்களிற் பல பட்டுப்போயிருக்கும். ஆனால், அக்கொடை இலக்கிய பீடத்தின் வாயிலைப் பெரும்பாலும் எட்டவில்லை என்பதையும், நிறுவன மாணவரிற் பலர் பொறியியலாளர் என்னுஞ் சான்றிதழோடு நின்று ஆராய்ச்சியின் படியை மிதியாமலே சென்றனர் என்பதையும் மறைத்தல் ஆகாது.

இரண்டு தன்மையையும் ஒருங்கிணைத்தவர் லூயி நெயெல். ஸ்திராஸ்பூர்க்கிற் பியேர் வைஸ் என்னும் காந்தவியல் அறிஞரிடம் பயின்ற அவர், 1939ஆம் ஆண்டுப் போர் தொடங்கியபோது காந்தக் கண்ணிவெடிகளிலிருந்து பிரான்சியக் கப்பல்களைக் காக்கும் முறையை வகுத்தார். 1940ஆம் ஆண்டுத் தோல்விக்குப்பின் கிரெனோபிளில் ஒதுங்கினார். நிக்கலும் கோபாற்றும் கிடைத்தற்கரியனவாயிருந்த அக்காலத்தில், நுண்ணிய இரும்புத் தூளைக்கொண்டு நிலையான காந்தஞ் செய்யும் வழியை அவர் குழுவினர் கண்டனர். உஜின் நகரத்துத் தொழில் நிறுவனம் அதனைக் கைக்கொண்டது. கதை இத்துடன் முடிந்திருந்தால் அஃது ஓர் ஆக்கவுரிமைக் கதையே. ஆனால், அத்தூளின் நுண்மணிகள் தம் காந்தத்தன்மையை எவ்வளவு காலம் காக்கும் என்னும் வினா நெயெலை விடவில்லை. 1949ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கொள்கை, பழஞ்சூளையிற் சுட்ட களிமண் தான் சுடப்பட்ட காலத்துப் புவிக்காந்தத்தின் திசையை எவ்வாறு நினைவில் வைத்திருக்கின்றது என்பதை விளக்கியது. மதுசாரத் தொட்டியிலிருந்து நுண்ணுயிரியல் பிறந்ததுபோல, தட்டுப்பாட்டுக் காலத்துக் காந்தத்திலிருந்து தொல்பொருளாராய்ச்சிக்கும் புவிச்சரிதவியலுக்கும் ஒரு கருவி பிறந்தது. அவர் முயற்சியால் 1956ஆம் ஆண்டிற் கிரெனோபிளில் அணுசக்தி ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. அதிலிருந்து 1967ஆம் ஆண்டிற் கிளைத்த இலத்திரனியல் ஆய்வகம், அந்நகரம் குறைகடத்தித் தொழிலுக்குப் பெயர்போதற்கு வழிகோலியது. 1970ஆம் ஆண்டிற் பௌதிக நோபெல் பரிசு நெயெலைத் தேடி வந்தது.

இவ்வெற்றிக்குள்ளே ஒரு முரண் மறைந்திருந்தது. 1934ஆம் ஆண்டுச் சட்டம் பொறியியலாளர் என்னும் பட்டத்திற்கு வரம்பு கட்டியது. 1947ஆம் ஆண்டு தொடங்கிப் பீடங்களின் நிறுவனங்கள் பல தேசியப் பொறியியற் கல்லூரிகளாக உயர்த்தப்பட்டன. உயர்வோடு போட்டிப் பரீட்சையும் வந்தது. பரீட்சையோடு தனிக் குலப்பெருமையும் வந்தது. 1968ஆம் ஆண்டு மாணவர் கிளர்ச்சிக்குப்பின் இயற்றப்பட்ட போர் சட்டத்தின்கீழ்ப் பழைய பல்கலைக்கழகங்கள் பல கூறாயின. கிரெனோபிளின் பொறியியற் கல்லூரிகள் பல்கலைக்கழகத்தினின்றும் நீங்கித் தேசியப் பொலிதெக்னிக் நிறுவனமாயின. அதன் முதல் தலைவர் நெயெலே. நான்சியிலும் இவ்வாறே. பெருங் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையேயிருந்த பிளவை நிரப்புதற்கெனப் பிறந்த பிள்ளைகள், வளர்ந்து ஆளானதும் பிளவின் மறுகரையிற் போய் வீடு கட்டிக்கொண்டன. பிள்ளைகளைக் குறை கூறிப் பயனில்லை. நல்ல மாணவரும் நல்ல பொருளும் அக்கரையிலேயே இருந்தன.

பின்னர் அரசு வேறு வழிகளை நாடியது. 1966ஆம் ஆண்டிலே ஈராண்டுத் தொழினுட்பக் கல்விக்கெனப் பல்கலைக்கழகங்களுள் நிறுவனங்கள் அமைக்கப்பட்டன. 1981ஆம் ஆண்டில் வந்த 'சிப்ர்' என்னுந் திட்டத்தின்படி, கலாநிதிப் பட்ட மாணவரைக் கைத்தொழில் நிறுவனம் மூவாண்டுக்குப் பணியில் அமர்த்தும். அரசு பொருளுதவி செய்யும். மாணவரின் ஆய்வு ஆலைக்கும் ஆய்வுகூடத்திற்கும் இடையே நடைபெறும். பீகோவின் மைந்தன் தற்செயலாகச் செய்த தூதினை இத்திட்டம் விதியாக்கியது எனலாம். 1999ஆம் ஆண்டுச் சட்டம் அரசாங்க ஆராய்ச்சியாளர் தம் கண்டுபிடிப்பைக் கொண்டு தொழில் தொடங்க இடமளித்தது. அதற்குமுன் அவ்வாறு செய்தவர் குற்றவியற் சட்டத்திற்கு அஞ்ச வேண்டியிருந்தது. ஓர்சே நகரில் அல்பேர் பெர், தொம்சன் நிறுவனத்தின் ஆய்வகத்தாரோடு கூடி 1988ஆம் ஆண்டிற் கண்டறிந்த பெருங்காந்தத் தடை விளைவு, கணினிகளின் நினைவுத் தட்டுகளைப் பன்மடங்கு பெருக்கியது. 2007ஆம் ஆண்டில் அவர் ஜெர்மனியராகிய குரூன்பேர்க்கோடு நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆயினும், அவ்விளைவைக் கொண்டு 1997ஆம் ஆண்டிற் பொருள் செய்து சந்தைக்கு விட்டது ஐ.பி.எம். என்னும் அமெரிக்க நிறுவனம். ஆலையும் ஆய்வுகூடமும் ஒரே கூரையின்கீழ் இருந்தும் விளைச்சல் அயல்வயலுக்குப் போயிற்று.

பிரிந்த பிள்ளைகள் அண்மைக்காலத்தில் வீடு திரும்பியுள்ளன. 2012ஆம் ஆண்டு ஜனவரியில் நான்சியின் பொலிதெக்னிக் நிறுவனம் புதிய லொரெயின் பல்கலைக்கழகத்துள் இணைந்தது. 2020ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாள் கிரெனோபிளின் பொறியியற் கல்லூரிகள், தம் பெயரையும் தம் ஆட்சியிற் பெரும்பகுதியையும் வைத்துக்கொண்டே, கிரெனோபிள் ஆல்ப்சுப் பல்கலைக்கழகத்தின் உறுப்பாயின. அதே நாளிற் பாரிசுக்கு அருகிலுள்ள சக்லே மேட்டு நிலத்தில் புதிய பல்கலைக்கழகம் ஒன்று முறையாக உருப்பெற்றது. 1829ஆம் ஆண்டிற் பிறந்த சந்திரால் கல்லூரியின் வழிவந்த நிறுவனம் அதில் இடம்பெற்றுள்ளது. அதே மேட்டு நிலத்திலேயே இருக்கும் எக்கோல் பொலிதெக்னிக் மாத்திரம் அவ்வீட்டினுள் நுழையாது, 2019ஆம் ஆண்டிலேயே வேறு சில கல்லூரிகளோடு கூடித் தனியொரு நிறுவனத்தை அமைத்துக்கொண்டது.